21 வயசுக்குள்ள

ஃபீஸ் கட்ட கடைசி தேதி வந்தாலே நமக்கெல்லாம் டென்ஷன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு ஃபீஸ் சலுகைக்குப் பிறந்தநாள்தான் கடைசி தேதி.

பணியின்போது இறந்துபோன, இல்லைன்னா உடல் முடங்கிப்போன தீயணைப்பு வீரர், போலீஸ்காரர் இவங்க பிள்ளைகளுக்கு அங்கே அரசு கல்லூரிகளில் கட்டணம் கிடையாது. 120 கிரெடிட் வரைக்கும், அதாவது ஒரு டிகிரி முடிக்கிற அளவுக்கு. ஹாஸ்டல், சாப்பாடு நம்ம செலவு.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம், சம்பளமே வாங்காத தன்னார்வத் தீயணைப்பு வீரர்களையும் அந்தச் சட்டம் சேர்த்துக்குது. அந்த மாநிலத்தில் வெஸ்ட்னு ஒரு சின்ன ஊர். 2013 ஏப்ரல் 17-ல் அங்கே உரக் கிடங்கில் அம்மோனியம் நைட்ரேட் வெடிச்சு 15 பேர் இறந்தாங்க. பெரும்பாலானவங்க தீயை அணைக்கவும் உதவவும் ஓடிப் போனவங்க. அதில் பலர் தன்னார்வலர்கள்.

ஆனா பிள்ளை 21-வது பிறந்தநாளுக்கு முன்னாடியே விண்ணப்பிக்கணும். ஃபைனல் இயர்ல இருக்கிற நமக்கு இப்போ அந்த வயசுதான். யோசிச்சுப் பாருங்க. அப்பா இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை முதல்ல வேலை தேடும். நாலு வருஷம் கழிச்சுப் படிக்கலாம்னு வந்தா, வயசு தாண்டிடும்.

அந்த அப்பா தீக்குள்ள போனப்போ, பிள்ளைக்கு என்ன வயசுன்னு யாரும் கேட்கலையே?