கணக்குக் கேட்டால் குற்றமா?

தகப்பனில்லாப் பிள்ளையின் வீட்டுக்கு வாடகை வசூலித்து, வரி கட்டி, வெள்ளையடித்துக் காப்பாற்றுபவர் சித்தப்பா. செகந்திராபாத் மாரேட்பள்ளியின் தமிழ்க் குடும்பங்களானாலும், வளர்ந்த பிள்ளை அவரிடம் கணக்குக் கேட்பது தர்மசங்கடம்தான். கேட்டால் உறவு கசக்கும். கேட்காவிட்டால் சந்தேகம் தங்கும்.

கோர்ட் நியமித்த கார்டியன் என்றால் வழி உண்டு. 1890-ம் ஆண்டு கார்டியன் சட்டப்படி, மைனர் மேஜரானதும் அவரது அதிகாரம் முடிகிறது. அப்படிப்பட்ட மைனர்களுக்கு 21 வயது என்றிருந்த வரம்பும் 1999-ல் 18 ஆனது.

ஆனால், பொறுப்பு பிறந்தநாளோடு தீர்வதில்லை. சொத்தையும் கணக்கையும் ஒப்படைக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம். ஒப்படைத்தவரை விடுவித்து அறிவிக்கலாம். பின்னால் வெளிப்படும் மோசடிக்கு மட்டும் விலக்கில்லை.

அந்த உத்தரவு பிள்ளையைவிட, நேர்மையான சித்தப்பாவுக்கே அதிகம் தேவை. நாளை யாரும் அவரை விரல்நீட்டிப் பேச முடியாது.