கைகள் பேசும் நாள்



சோற்றுப் பானையை இறக்கும்போது கை சுட்டுவிட்டால் "யா அல்லாஹ்" என்று உதறிக்கொள்கிறீர்கள். அந்தச் சூடு உங்களுக்கு உறைக்கிறதே, அதுவும் ஒரு நிஃமத் என்று எப்போதாவது எண்ணியதுண்டா?

நான் மத்ரஸாவில் ஓதிய காலத்தில் எங்கள் ஊரில் ஒரு பெரியும்மா இருந்தார். குஷ்டரோகம் அவரது விரல்களை உள்நோக்கி மடக்கியிருந்தது. கொள்ளிக்கட்டை சுட்டாலும் அவருக்குத் தெரியாது. நோய் எப்போதோ சுகமாகிவிட்டது என்று வாப்பா சொல்லியிருந்தார். ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணிக் கோப்பையை இரு கைகளாலும் ஏந்தி வந்து தந்தார். வாப்பா குடித்தார். நானோ, "நோன்பு" என்று பொய் சொன்னேன்.

பல வருடங்களுக்குப் பின், வைத்தியர் போல் பிராண்டைப் பற்றி வாசித்தபோது அந்தக் கோப்பை என் கண்முன் வந்தது. அவர் 1914இல் தமிழகத்தின் கொல்லிமலையில் ஆங்கிலேயக் கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் சத்திரசிகிச்சை கற்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். இந்நோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றே அன்று பலரும் நம்பினர். அவரோ தேடிப் பார்த்து உண்மையைக் கண்டார். சதை கெடுவதில்லை, நரம்பு கெடுகிறது. வலி தெரியாததால் சூடும் வெட்டும் விரலைத் தின்கின்றன. இரவில் எலி கடித்தாலும் நோயாளி விழிப்பதில்லை. அதனால் அவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்!

மடங்கிய கைகளையும் அவர் விட்டுவிடவில்லை. விரல்களை அசைக்கும் சிறு தசைகள் செயலிழந்தாலும் முன்கையில் நல்ல தசைகள் எஞ்சியிருந்தன. அவற்றின் நாணை எடுத்து விரல்களில் இணைத்தார். பின்னர் வாரக்கணக்கில் பயிற்சி. கவளம் எடுக்க முடியாத கை மீண்டும் கவளம் எடுத்தது. ஆனால், போன உணர்ச்சியை அவராலும் திருப்பித் தர முடியவில்லை. ஆகவே, தினமும் கைகளைக் கண்ணால் பார்த்துக் காயம் தேடும்படி கற்பித்தார்.

சகோதரிகளே! இந்நோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. மேனியில் உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால், "வீட்டில் குமர் இருக்கிறது, ஊர் என்ன சொல்லும்?" என்று மறைக்காதீர்கள். அரச ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காக உட்கொண்டால் நோய் குணமாகும். காலந்தாழ்த்தினால் நோய் போனாலும் கை திரும்பாது.

குணமானவரை ஒதுக்காதீர்கள். அவர் கையால் தருவதை வாங்கிப் பருகுங்கள்.

அந்தப் பெரியும்மா வபாத்தாகிவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுமையில் வாய்கள் முத்திரையிடப்பட்டு, கைகள் பேசும் என்பதை யாஸீன் சூராவில் நாம் ஓதி வருகிறோம். மடங்கிய அவர் கை, ஒரு விருந்தாளிக்குத் தேத்தண்ணி தந்ததைச் சொல்லும்.

நீட்டாமல் இருந்த என் கை என்ன சொல்லும்?