மகுட மிளகாய்

மிளகாய் என்றால் நீண்டிருக்கும்; அன்றேல் நம் இராமநாதபுரச் சீமையின் முண்டு மிளகாயைப் போல் உருண்டிருக்கும். இவ்விரண்டுமன்றி வேறு வடிவமும் அதற்குண்டு என்று ஐம்பது வயது வரை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு நாள் படமொன்றில் மூன்று இறக்கைகள் விரித்துத் தலைகீழாய்த் தொங்கும் சிவந்த காயொன்றைக் கண்டோம். கிறிஸ்தவ ஆயர் அணியும் மகுடத்தை ஒத்திருப்பதால் ‘பிஷப்ஸ் கிரவுன்’ என்று அதற்குப் பெயர். அதை வீட்டு மாடியில் விளைத்துப் பார்க்கும் ஆசை அன்றே நம்மைப் பற்றிக்கொண்டது.

அஞ்சலில் விதைப் பொட்டலம் ஒன்றை வரவழைத்தோம். மேலே மகுடத்தின் படம். உள்ளே இருபது விதைகள். முளைத்தவற்றைத் தொட்டியில் நட்டு நீர் வார்த்தோம். பூத்ததும் பூக்கள் தூய வெண்மையாய் இருக்கக் கண்டு மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி அறியாமையில் பிறந்தது என்பது காய்கள் இறங்கியபோதுதான் விளங்கிற்று. அவை கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண நீள மிளகாய்கள்! விற்றவரை அன்று என்னவெல்லாம் ஏசினோம் என்பதை ஈண்டு எழுதாமல் விடுவதே நலம்.

பெயரை நம்பி ஏமாந்தவர்கள் நாம் மட்டுமல்லர் என்று பின்னர் மனத்தைத் தேற்றிக்கொண்டோம். மிளகாயின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். போர்த்துகீசியர் வழியே அது நம் நாட்டுக்கு வந்தபோது, காரத்தில் மிளகை ஒத்திருக்கக் கண்ட தமிழர் மிளகின் பெயரையே அதற்குச் சூட்டினர். அரபு மக்களும் அவ்வாறே, மிளகைக் குறித்த ‘ஃபில்ஃபில்’ என்னும் சொல்லை மிளகாய்க்கும் வழங்கினர். அச்சொல்லோ திப்பிலியைக் குறிக்கும் ‘பிப்பலி’ என்னும் வடசொல்லிலிருந்து பாரசீகம் வழியாகச் சென்றது. ஒன்றன் பெயர் மற்றொன்றின் மீது ஏறுவது பழைய வழக்கம்தான். ஆயினும் விதை வாங்குபவனுக்கு அது ஆறுதலாகாது.

நம்மிடம் முன்னர் ஓதிய மாணாக்கர் ஒருவர் மலைநாட்டில் தோட்டம் வைத்திருக்கிறார். செய்தி கேட்டு, அடுத்த முறை வருகையில் பழுத்த மகுடக் காய்கள் இரண்டையே கொணர்ந்தார். கூடவே ‘லெமன் டிராப்’ எனப்படும் மஞ்சள் நிற மிளகாயும் தந்தார்.

“பூவைப் பாருங்கள் உஸ்தாத். நம் ஊர் மிளகாய்ப் பூ முழு வெள்ளை. இதன் இதழ்களின் அடியில் மஞ்சளும் பச்சையும் கலந்த புள்ளிகள் இருக்கும். இனமே வேறு. இன்னொன்று, விதைக்கு விடும் கிளையை மெல்லிய துணியால் மூடிவிடுங்கள்” என்றார்.

முதற்பாதியை மனத்தில் இருத்தினோம். பிற்பாதியைக் கேட்டுப் புன்னகைத்தோம். செடிக்குத் திரைச்சீலை எதற்கு?

புள்ளிகள் தோன்றின. நட்டு மூன்று திங்களுக்கு மேல் காத்திருந்தபின் மகுடங்களும் சிவந்தன. கடித்துப் பார்த்தால் இறக்கைகளில் இனிப்பு, நடுவே கடுங்காரம். மிளகாயின் காரம் விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறத் தசையில்தான் ஊறுகிறது. இறக்கைகள் அதற்குத் தொலைவில் இருப்பதால் தப்பிவிடுகின்றன. பெருமிதம் தாளாமல் விதைகளைப் பொட்டலமாக்கி, ‘அசல் மகுட மிளகாய்’ என்று நம் கையாலேயே எழுதி ஐந்து வீடுகளுக்கு வழங்கினோம்.

மறு ஆண்டு அடுத்த வீட்டு ராத்தா ஒரு கிண்ணத்தை நீட்டினார். உள்ளே கூம்பு போன்ற காய்கள். தோள்பட்டை மட்டும் சற்றே புடைத்திருந்தது.

“ஆலிம்சா, நீங்க தந்த விதைதான். வர்ற வழியிலே கிரீடத்தை எங்கே விட்டுச்சுன்னுதான் தெரியல” என்றார்.

ஐந்தில் மூன்று வீடுகளில் இதே கதை. மகுடமும் லெமன் டிராப்பும் ஒரே இனத்தின் இரு வகைகள். அடுத்தடுத்த தொட்டிகளில் பூத்த அவற்றிடையே தேனீக்கள் மகரந்தத்தை மாற்றியிருக்கின்றன. அருகிலிருந்த முண்டு மிளகாய் வேற்றினம் ஆதலால், அது இவற்றோடு எளிதில் கலப்பதில்லை. கலப்பு நேர்ந்த ஆண்டில் தாய்ச்செடியின் காய் வடிவம் மாறுவதில்லை. அக்காயின் விதையிலிருந்து எழும் செடியில்தான் அது தெரியவரும். கண்ணால் கண்ட காயையே சான்றாகக் கொண்டு ‘அசல்’ என்று எழுதிக் கொடுத்தோம். நாம் ஏசிய வணிகரும் ஒருவேளை இவ்வாறே யாரிடமோ வாங்கி, நம்பி விற்றவராக இருக்கலாம்.

ஒரு நூலைப் படியெடுத்தவர் பிழை விட்டால், அடுத்துப் படியெடுப்பவர் அப்பிழையையும் பக்தியோடு எழுதுவார். ஆகையால் கையெழுத்து அழகாயிருந்தால் மட்டும் போதாது, எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று கேளுங்கள் என்று முப்பது ஆண்டுகளாய் மாணாக்கர்க்குச் சொல்லி வந்தவர்கள் நாம். அவர்களுள் ஒருவர் அதையே நமக்குத் திருப்பிச் சொன்னபோது புன்னகைத்துவிட்டோம்.

ஐந்து வீடுகளுக்கும் நேரில் சென்று தவற்றைச் சொன்னோம். மாணாக்கருக்கும் எழுதினோம், அவர் மீண்டும் காய் அனுப்பினார். இவ்வாண்டு மொட்டு விடும் முன்னரே கிளையொன்றைப் பழைய மஸ்லின் துணியால் கட்டினோம். பூத்தபின் காலைதோறும் அதை மெல்ல உலுக்குகிறோம். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். உள்ளே பிஞ்சு பிடித்ததும் துணியை அவிழ்த்து, அக்காயின் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுகிறோம்.

மாடியில் இப்போது நூல் கட்டிய காய்கள் நான்கு. மற்றவை குழம்புக்கு. விதை கேட்டு வரும் ராத்தாவிடம் இம்முறை, “நூல் கட்டியதிலிருந்துதான் தருவோம்; பழுக்கட்டும், பொறுங்கள்” என்றோம். “பொறுக்கிறேன் ஆலிம்சா, போன தடவைதான் நீங்க பொறுக்கல” என்று சொல்லிப் போனார்.