உத்திரமேரூருக்குத் துணிக்கூரை வண்டியில் போறீங்களா?

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கிறது உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வருபவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சாஃப்ட் டாப் ஜீப்பில் வருகிறவர்கள் மட்டும் ஊரில் ஓடும் ஆட்டோக்களின் கூரையையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

ஆட்டோவும் ஒரு வகையில் கன்வெர்ட்டிபிள்தானே! கம்பிச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய ரெக்சின். ஐப்பசி மழையில் தையல் விட்டு ஒழுகினால் சீட் நனையும், சவாரி அடுத்த வண்டிக்குப் போய்விடும். அன்றைய வருமானமே அந்தத் தையலில்தான் இருக்கிறது. பளபளப்புக்காக டீசல் தொட்டுத் துடைப்பதும் உண்டு. அன்றைக்கு மின்னும், நாளடைவில் ரெக்சின் விறைத்து வெடிக்கும்.

ஜீப், கார்களின் துணிக்கூரைக்கு இன்னும் கவனம் வேண்டும். ரெக்சினில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். துணியோ ஊறும். முதலில் காய்ந்த புழுதியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். நேரே தண்ணீர் ஊற்றினால் செம்மண் சேறாகி நூலுக்குள் இறங்கிவிடும். பிறகு மிதமான ஷாம்பு, கை பிரஷ், நிறைய தண்ணீர். துணி துவைக்கும் பவுடர், பிளீச்சிங் இரண்டும் ஆகாது. வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைக் கூரைப் பக்கம் திருப்பாமல் இருக்கச் சொல்லிவிடுங்கள். பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலைக் காய்ந்த துணியால் துடைத்தால் கீறல்தான் மிச்சம்.

ஈரத்தோடு கூரையை மடிக்கவே கூடாது. மடிப்புக்குள் பூஞ்சை பிடித்தால் கறை போனாலும் வாடை போகாது. நன்றாகக் காய்ந்த பிறகு, நீர் ஒட்டாத துணிக்கான ஸ்ப்ரே அடித்தால் மழைத்துளி உருண்டு ஓடும்.

பராமரிப்பு இந்த ஊருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 921) கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஓராண்டுதான் பதவி. ஒரு முறை வாரியம் செய்தவர் அடுத்த 3 ஆண்டுகளுக்கு வர முடியாது. ஏரியைப் பார்த்துக்கொள்ள அவ்வளவு கண்டிப்பு!

திரும்பும் வழியில் வேடந்தாங்கல் போவதாக இருந்தால் பறவைகள் அடையும் மரத்தடியில் வண்டியை நிறுத்த வேண்டாம். எச்சம் விழுந்தால் சுரண்டாமல், ஈரத்துணியைச் சிறிது நேரம் போட்டு ஊறவைத்து எடுங்கள். வீடு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சாயம் போயிருக்கும்.