மலைமேல் ஒரு கம்பளி வீடு



கிர்கிஸ்தானின் சொங்கொல் ஏரி கடல் மட்டத்திலிருந்து 3,016 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வழிகாட்டியுடன் நடந்தோ குதிரையிலோ இரண்டு மூன்று நாட்கள் மலையேறி அங்கே போய் வருகிறார்கள். கோடையில் கால்நடை மேய்க்கும் குடும்பங்கள் அங்கே 'யுர்ட்' எனும் வட்டக் கூடாரங்களில் வாழ்கின்றன. உங்கள் இராத்தங்கலும் அவற்றில்தான்.

உள்ளே சென்றதும் வாசலுக்கு நேரெதிரே உங்களை அமர்த்துவார்கள். அது விருந்தினருக்குரிய கண்ணியமான இடம். ரொட்டியும் தேநீரும் வரும். 'கிமிஸ்' எனும் புளித்த குதிரைப்பாலும் வரலாம். அதில் சிறிதளவு மதுசாரம் உண்டு. தேநீரே போதுமென்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

கூடாரத்தின் மரச்சட்டம் ஆண்களின் வேலை. அதைப் போர்த்தும் கம்பளியும் தரைவிரிப்பும் பெண்களின் கைவேலை. ஆட்டுரோமத்தைப் பரப்பி, சுடுநீர் தெளித்து, சுருட்டி உருட்டி இறுக்குகிறார்கள். தறியே தேவையில்லை. 'ஷிர்தாக்' எனும் இந்த விரிப்புக் கலையை 2012இல் யுனெஸ்கோ அவசரமாகப் பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. மலிவான செயற்கை விரிப்புகள் வந்துவிட்டன. இளம்பெண்கள் கற்பதும் குறைந்துவிட்டது.

போகும் வாய்ப்புக் கிடைத்தால் ஏரியைப் படம் பிடிப்பதோடு நின்றுவிடாதீர்கள். இந்த விரிப்பைச் செய்தது யார் என்று வீட்டுக்காரியிடம் கேளுங்கள். அவர் தம் தாயைக் காட்டினால், மகளுக்கும் தெரியுமா என்று கேளுங்கள்.