தொடுதிரையும் தோட்டத்து விரல்களும்

மனிதனுக்கு வாய்த்த கருவிகளுள் தலையாயது கை. அக்கையிலும் விரல்களின் ஆற்றல் வியப்பிற்குரியது. விரல்களை வலுவாக மடக்கவும் நீட்டவும் உதவும் தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் இருந்துகொண்டு, தசைநாண்களின் வழியே விரல்களை இயக்குகின்றன. பொம்மலாட்டக்காரர் நூலை இழுக்கப் பாவை ஆடுவது போன்றதே இது.

நம் தோட்டப்புறத்து மூத்தோர் இவ்விரல்களைக் கொண்டே குடும்பங்களை வாழவைத்தனர். பொழுது புலருமுன் நிரைக்குச் சென்று, நாளொன்றுக்கு 400, 500 பால்மரங்களைச் சீவினர். சீவும் பட்டை ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் கனமே இருத்தல் வேண்டும். கத்தி போதிய அளவு பதியாவிடில் பால் குறையும். மிகப் பதிந்தால் மரம் காயமுறும். மங்கிய விளக்கொளியில் அந்த அளவைக் கண்ணைவிட விரலே நன்கு அறிந்திருந்தது.

அத்தகைய விரல்கள் இன்று திறன்பேசியின் முன் தடுமாறுவதை நம் இல்லங்களில் காண்கிறோம். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் அழைக்கிறான். பாட்டி திரையைத் தொடுகிறார், அழைப்பு ஏற்கப்படவில்லை. மீண்டும் அழுத்துவதற்குள் மணி நின்றுவிடுகிறது. "உங்களுக்கு ஒன்றும் தெரியாது, பாட்டி" என்று பேரப்பிள்ளை கைப்பேசியை வாங்கிக்கொள்கிறது. மறுமுறை மணி ஒலிக்கும்போது பாட்டி கையை நீட்டுவதே இல்லை. பெற்ற மகனோடு பேசவும் பிறரை எதிர்பார்த்திருக்கும் நிலை எத்துணை வருத்தத்திற்குரியது!

இத்தடுமாற்றத்திற்குக் காரணம் அறியாமையா? அன்று. திறன்பேசியின் கண்ணாடி, விரலின் அழுத்தத்தை அறிவதில்லை. ஈரப்பசையுள்ள விரல் படும்போது உண்டாகும் சிறு மின்மாற்றத்தையே அது உணர்கிறது. முதுமையில் வியர்வை குறைந்து தோல் உலர்கிறது. பல்லாண்டு உழைப்பால் காய்ப்பேறிய விரல்நுனியோ மேலும் தடித்திருக்கிறது. ஆகவே, தொட்டும் தொடாததாகவே திரை கொள்கிறது. தோலின் தொடுவுணர்வும் அகவையோடு குறைவதால், விரல் திரையில் பட்டதா என்பது முதியோர்க்கு உடனே தெரிவதில்லை. எனவே நெடுநேரம் அழுத்துகின்றனர். திரை அதனை வேறொரு கட்டளையாகக் கருதிவிடுகிறது. மூட்டுவலியும் கைநடுக்கமும் சேர்ந்தால் இடர் இருமடங்காகும்.

2001-ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் மைகாட் அடையாள அட்டையில் பெருவிரல் ரேகையும் பதிவாகியுள்ளது. உழைத்துத் தேய்ந்த ரேகையைக் கருவி எளிதில் படிப்பதில்லை. அங்கும் குறை விரலுக்குரியவரிடம் இல்லை.

மாணவச் செல்வங்களே! இதற்கு எளிய வழிகள் உள. விரல்நுனியை ஈரத்துணியில் ஒற்றித் தொடச் சொல்லலாம். எழுத்துகளைப் பெரிதாக்கலாம். தொட்டு அழுத்தும் நேரத்தை நீட்டித்துக்கொள்ளும் வசதி கைப்பேசியின் அமைப்புகளிலேயே இருக்கிறது. தட்டச்சு செய்ய இயலாதவர் குரலால் செய்தி அனுப்பலாம். தொடுதிரைக்கென விற்கப்படும் கோலும் சிலருக்கு உதவும்.

இவற்றினும் மேலாக வேண்டுவது பொறுமை. கைப்பேசியை வாங்கி நாமே செய்து முடித்தல் எளிது. ஆயினும் அதனால் அவர்கள் கற்பதற்கு இடமில்லை. அவர்களது விரலே தொடட்டும். தவறினால் மீண்டும் தொடட்டும். அரிசியைப் பரப்பி, நம் பிஞ்சு விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்த நாளில், எத்தனை முறை கோணினும் அவர்கள் சலித்ததில்லை. அந்தப் பொறுமையை இன்று அவர்களுக்கு நாம் திருப்பியளிப்போமாக.