குருதி சொன்ன சேதி

எய்ட்ஸ் மேனாட்டாரைப் பிடிக்கும் நோய். கற்பையும் கட்டுப்பாட்டையும் காத்துவரும் நம் நாட்டை அது அண்டாது என்று மார்தட்டியோர், 1980களின் நடுவில் இங்கு ஏராளம். பழம்பெருமையே அவர்கட்குப் பாதுகாப்புக் கவசம்! கிருமிக்கோ புராணமும் தெரியாது, புண்ணிய பூமியும் தெரியாது. உடல் கிடைத்தால் போதும் அதற்கு.

பேச்சை நம்பாமல் குருதியைக் கேட்போம் என்று துணிந்தனர் பெண்கள் இருவர். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் ஒருவர். அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலா மற்றவர். பாலியல் தொழிலில் தள்ளப்பட்டு, பிடிபட்டு, காப்பகத்தில் அடைபட்டிருந்த பெண்களிடம் குருதி பெற்றார் நிர்மலா. 1986இல் அதனை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். 'எலைசா' என்னும் சோதனை நடந்தது. ஆறு பேரின் குருதி, நிறம் மாறிக் காட்டிற்று! மீண்டும் குருதி பெற்றுச் சோதித்தனர்; அமெரிக்காவில் நடந்த சோதனையும் அதனை உறுதி செய்தது. பெருமைப் பேச்சு பொடிப்பொடியாயிற்று.

அந்த நிறம் எங்கிருந்து வந்தது? மந்திரமா, மாயமா? இரண்டும் இல்லை, தோழர்களே! உடலுக்குள் அயற்கிருமி நுழைந்தால், வெள்ளணுக்களில் ஒரு வகை, அதற்கென்றே பொருந்தும் புரதத்தைச் செய்கிறது. எதிர்ப்பொருள் என்பது அதன் பெயர். பூட்டுக்கேற்ற சாவி போல, அது தனக்குரிய கிருமியைத் தேடிப் பற்றும். சோதனைக் கூடத்தில், கிருமியின் துணுக்குகளைச் சிறு குழிகளில் ஒட்டிவைத்து, குருதியின் தெளிநீரை ஊற்றுவர். உரிய எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். இல்லையேல் கழுவும்போது போய்விடும். ஒட்டியதைப் பிடித்துக்கொள்ளும் நொதியொன்றைச் சேர்த்து, அதன்மேல் சாயப்பொருள் ஊற்ற, நிறம் தோன்றும்.

ஆக, இச்சோதனை காண்பது கிருமியை அன்று. அது வந்த தடத்தை! மாரமங்கலத்தில் என்னிடம் பயிலும் பிள்ளைகட்கு இதனைக் காப்பித் தோட்டத்தைக் காட்டி விளக்குவேன். ஈரமண்ணில் குளம்புத் தடம் கண்டால், காட்டெருமை வந்ததை அறிகிறோம், காட்டெருமையைக் கண்டோமில்லை. தடம் பதியவும் காலம் வேண்டும். எச்.ஐ.வி. தொற்றியபின் எதிர்ப்பொருள் தென்படச் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை ஆகலாம். அதுவரை 'இல்லை' என்பது இறுதி விடையன்று. தாயின் எதிர்ப்பொருள் சேய்க்கும் செல்வதால், 18 மாதம் வரை குழந்தையின் குருதியில் காணும் தடம் தாயினுடையதாகவும் இருக்கலாம். 'உண்டு' என்று வந்தாலும் உறுதிசெய்ய மறுசோதனை வேண்டும்.

அளந்து பேசுகிறது அறிவியல். சமுதாயமோ அளவின்றிப் பழி தூற்றிற்று! குருதியில் தடம் இருந்த காரணத்தால், தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் பெண்கள் அடைத்து வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்தார். 1990இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவிக்க ஆணையிட்டது. அவர்களை நாடிச் சென்ற ஆடவர் எங்கே அடைக்கப்பட்டனர்? எங்குமில்லை! வீட்டிலே குடும்பத் தலைவர். வெளியிலே பெரிய மனிதர்! கற்பென்னும் விலங்கு பெண்ணுக்கு மட்டுமே பூட்டப்பட்டதன்றோ?

இன்று அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். தவறாது உண்டு, கிருமி கணக்கில் வாராத அளவுக்கு அடங்கினால், உடலுறவால் அது பிறர்க்குப் பரவாது. ஒருவரது இசைவின்றிச் சோதித்தலையும், நோயைக் காட்டி வேலையும் கல்வியும் மறுத்தலையும் தடுக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மருந்து வந்துவிட்டது, சட்டம் வந்துவிட்டது. வரவேண்டியது மனமாற்றம் ஒன்றே.

கிருமி வந்ததா என்ற கேள்விக்கு மட்டுமே குருதி விடை கூறும். நல்லவரா, கெட்டவரா என்று அதனைக் கேட்பது மடமை. அம்மடமையை ஊர்தோறும் எடுத்துரைத்து ஒழிப்பது, பகுத்தறிவு பேசும் நம் கடமை!